குட்டிகளை இழந்த தாய்க்கரடி



இறைவாக்கினர் ஓசேயா நூலின் 13-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது நாம் சற்றுத் திகைக்கிறோம். குட்டிகளை இழந்த கரடியைப்போல் தம் மக்கள்மேல் பாயப்போவதாக ஆண்டவர் அங்கே சொல்கிறார். அன்பே உருவான கடவுளா இப்படி என்று கேட்பவர்கள் நம் பங்குகளில் உண்டு. அதற்கு விடை தேடுமுன் அந்தக் கரடியைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

ஓசேயா அறிந்திருந்தது பழுப்புக் கரடி. இளைஞர் தாவீது தம் மந்தைக்காக எதிர்த்து நின்றதும் அதே இனம்தான். திருநாட்டில் இன்று அது இல்லை. வடக்கே அலாஸ்கா, சைபீரியக் காடுகளில் பல்லாயிரக்கணக்கில் வாழ்கிறது.

அலாஸ்காவின் காட்மாய் தேசியப் பூங்காவில், புரூக்ஸ் ஆற்று அருவியில் நின்று சால்மன் மீன்களைக் கவ்வும் கரடிகளைப் படங்களில் பார்த்திருப்போம். (அங்கே எந்தக் கரடி அதிகம் கொழுத்தது என்று மக்கள் வாக்களிக்கும் வேடிக்கைப் போட்டிகூட 2014 முதல் நடக்கிறது!) ஆனால் தாய்க்கரடிக்குக் கொழுப்பு வேடிக்கையல்ல. கோடையின் தொடக்கத்தில் அது கருவுற்றாலும் கரு உடனே வளர்வதில்லை. இலையுதிர் காலம்வரை காத்திருக்கிறது. தாயின் உடலில் போதிய கொழுப்பு சேர்ந்தால்தான் கருப்பையில் பதிந்து வளரும்.

பிறகு பனிக்காலம். தாய் குகைக்குள் போய்ப் படுத்துவிடும். ஏறக்குறைய ஆறு மாதம் உணவில்லை, தண்ணீர்கூட இல்லை. சனவரி, பிப்ரவரி வாக்கில் அங்கேயே குட்டிகளை ஈனும். ஒவ்வொன்றும் அரை கிலோ அளவுதான், கண் திறந்திருக்காது. பட்டினி கிடக்கும் அந்தத் தாய் தன் கொழுப்பைக் கரைத்துப் பாலாக்கி அவற்றை வளர்க்கிறது. வசந்தத்தில் வெளியே வரும்போது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இழந்திருக்கும். அதன் பின்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள் குட்டிகளைக் கூடவே வைத்துக் காக்கும். குட்டிகளைக் கொல்ல வரும் பெரிய ஆண் கரடியையும் எதிர்த்து நிற்கும்.

இப்படி வளர்த்ததை இழந்த தாயின் வெறி அது. ஓசேயா அந்த வசனத்துக்குச் சற்று முன்னே சொல்வதையும் கவனியுங்கள்: பாலைநிலத்தில் ஆண்டவர் பேணிய மக்கள், வயிறு நிரம்பியதும் செருக்குற்று அவரை மறந்துவிட்டார்கள். 11-ஆம் அதிகாரத்தில், எப்ராயிமுக்கு நடை பழக்கியதை அவரே நினைவுகூர்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்தவரின் குரலாகத்தான் நாம் அந்தக் கோபத்தைக் கேட்கிறோம். பங்கில் பிள்ளையை இழந்த தாய்மார்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதே இல்லை.

அடுத்த அதிகாரத்தில் அதே ஆண்டவர், இஸ்ரயேலுக்குப் பனித்துளிபோல் இருக்கப்போவதாக வாக்களிக்கிறார். 13-ஐ வாசிப்பவர்கள் அங்கே நிறுத்திவிடாமல் 14-ஐயும் சேர்த்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.