ரெக்கார்டில் வராத இசை: அன்றும் இன்றும்

எண்பதுகளின் தொடக்கத்தில் பாலாநகரில் தமிழ்ப் பாட்டுக்குப் பஞ்சம். ஹைதராபாத்தின் இந்தத் தொழிற்பேட்டையில் ஐ.டி.பி.எல். மருந்து ஆலை, எச்.ஏ.எல்., சுற்றிலும் லேத்துப் பட்டறைகள் என்று பிழைப்புக்காக வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. டீக்கடையில் தெலுங்குப் பாட்டு ஓடும், வீட்டு ரேடியோவில் இந்திப் பாட்டு. இளையராஜாவின் புதுப்படத்துப் பாட்டு வேண்டுமென்றால், ஊருக்குப் போனவர் திரும்பி வந்து பெட்டியைத் திறக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

போகிறவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சார்மினார் எக்ஸ்பிரஸில் போய்ச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், பக்கத்திலேயே மூர் மார்க்கெட். பழைய புத்தகங்களுக்கு நடுவே பழைய ரெக்கார்டும் கிடைக்கும். புது இ.பி. வாங்கக் காசில்லாதவர், யாரோ வீட்டில் தேய்த்துத் தேய்த்துக் கேட்டுக் கைமாற்றிவிட்ட ரெக்கார்டை அங்கே பேரம் பேசி வாங்கலாம். 1985 மே மாதம் அந்தச் சந்தை எரிந்து போனது. வினைல் ரெக்கார்டு தீயில் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்?

ரெக்கார்டு பிளேயர் இல்லாத வீடுகளுக்கு ரெக்கார்டிங் சென்டர்தான் கதி. தமிழ்நாட்டில் ஊருக்கு நாலு இருந்தன. டிடிகே அல்லது சோனி கேசட் ஒன்றையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறோ ஏழோ பாட்டு அடங்கும். பக்கம் முடிய ஒன்றரை நிமிடம் மிச்சமிருந்தால் கடைக்காரர் தன் விருப்பத்துக்கு ஏதாவதொரு வாத்திய இசையைப் போட்டு நிரப்பிவிடுவார். நாம் கேட்காத இசை அது. பாதியில் அறுந்து போகும். பாட்டைவிட அந்த மிச்சத்துக்காகவே கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டியவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பாட்டு ரசிகர்களில் வரிக்காகக் கேட்பவர்கள் உண்டு, குரலுக்காகக் கேட்பவர்கள் உண்டு. இவர்கள் அடிக்காகக் கேட்பவர்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் பேஸ் கிட்டார் என்ன செய்கிறது என்று ஸ்பீக்கரில் கை வைத்துப் பார்ப்பவர்கள். இவர்கள் தேடியது ஃபங்க். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இந்த இசை, ஜேம்ஸ் பிரவுன் குழுவில் அறுபதுகளின் நடுவில் உருப்பெற்றது. தாளத்தின் முதல் அடிக்கு முழு கனத்தையும் கொடுத்து, பேஸும் டிரம்மும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டே போகும். கிட்டார் மெட்டு வாசிக்காது, நரம்பை அமுக்கி வெட்டி வெட்டித் தாளம் போடும். எழுபதுகளின் கடைசியில் டிஸ்கோவோடு சேர்ந்து அது கோடம்பாக்கத்துக்கும் வந்தது. 1978இல் ‘ப்ரியா’ ஸ்டீரியோவில் பதிவாகி வந்தபோது, இடது காதுக்கு ஒன்றும் வலது காதுக்கு ஒன்றுமாக வாத்தியங்கள் பிரிந்து கேட்டதில் இந்த ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

இளையராஜா பேஸ் கிட்டாரை வெறும் தாளத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை. பாடகருக்குக் கீழே அதற்கென்று தனியாக ஒரு மெட்டு எழுதினார். அதை வாசித்தவர் சசிதரன். டிரம்மில் புருஷோத்தமன், கிட்டாரில் சதானந்தம், கீபோர்டில் விஜி மானுவல். ரெக்கார்டு அட்டையில் கதாநாயகன் படம் இருக்கும், பாடகர் பெயரும் பாடலாசிரியர் பெயரும் இருக்கும். இவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் ‘மடை திறந்து’ பாட்டில் புருஷோத்தமன் திரையிலேயே வந்து போகிறார். பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அவர்தான் அந்த அடிக்குச் சொந்தக்காரர் என்று தெரிந்திருக்கும்? அவர் 2020இல் காலமானபோதுதான் பல பத்திரிகைகள் அவரைப் பற்றி முதன்முறையாக எழுதின. அமெரிக்காவிலும் இதே கதைதான். ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த சில நொடி அடியை ராப் இசைக்காரர்கள் நூற்றுக்கணக்கான பாட்டுகளில் வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். வாசித்தவருக்கு ராயல்டி கிடையாது.

பாட்டாவது எப்படியோ கைக்கு வந்துவிடும். பின்னணி இசைக்கு என்ன செய்வது?

பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ 1978இல் வந்தது. படத்தில் இரண்டே பாட்டு. ஆனால் கமல்ஹாசன் பாத்திரத்தின் பின்னால் போகும் அந்த இசை இருக்கிறதே, அது ஒரு முழு எல்.பி.க்குக் காணும். 1980இல் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’, இளையராஜாவுக்கு நூறாவது படம். அடுத்த ஆண்டு ‘டிக் டிக் டிக்’. தமிழில் அந்தக் காலத்தின் அருமையான ஃபங்க் வாசிப்பு இந்த மாதிரிப் படங்களின் துரத்தல் காட்சியிலும் கிளப் காட்சியிலும்தான் கிடக்கிறது. அது ரெக்கார்டாக வரவேயில்லை. கம்பெனிகள் பாட்டை மட்டும் அச்சடித்தன, ஆர்.ஆர். என்று சொல்லப்படும் பின்னணி இசையை எவரும் விற்பனைப் பொருளாகவே நினைக்கவில்லை.

ஆர்.ஆர். எப்படி நடந்தது என்று தெரிந்தால் இழப்பின் அளவு புரியும். ரெக்கார்டிங் தியேட்டரில் ரீலைத் திரையிட்டு, ராஜா நோட்ஸ் எழுதிக் கொடுக்க, இசைக்குழு மொத்தமும் உட்கார்ந்து வாசிக்கும். அது காந்தப் படச்சுருளில் பதிவாகும். பிறகு வசனமும் சத்தங்களும் இசையும் கலந்து ஒரே மோனோ ஒலிப்பட்டையாகிப் படத்தின் ஓரத்தில் ஏறிவிடும். கலந்து முடிந்ததும் இசை மட்டும் இருந்த சுருளுக்கு மதிப்பில்லை. சுருள் விலை அதிகம், அழித்துவிட்டு அடுத்த படத்துக்குப் பயன்படுத்துவார்கள். அழிக்காததையும் சென்னையின் புழுக்கம் விட்டுவைக்கவில்லை. ஆக, அந்த இசை எஞ்சியிருக்கும் ஒரே இடம் படம்தான். அதுவும் கதவு சாத்தும் சத்தத்தோடும் கதாநாயகியின் அலறலோடும்.

அன்றைய ரசிகர் இதற்குச் செய்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வரும். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு தியேட்டருக்கே போனவர்கள் உண்டு. தொண்ணூறுகளில் வி.சி.டி. வந்தபிறகு வேலை கொஞ்சம் சுலபமானது. வசனமில்லாத பதினைந்து நொடி, இருபது நொடித் துண்டுகளைப் பொறுக்கிக் கணினியில் கோத்து, நண்பர்களுக்கு சி.டி. எழுதிக் கொடுத்தார்கள். கேட்டால் நடுவில் ஒரு கார் ஹாரன் அடிக்கும். அதையும் இசையின் பகுதியாகவே மனப்பாடம் செய்தாயிற்று.

படமே வெளிவராத பாட்டுகள் இன்னொரு ரகம். ‘மணிப்பூர் மாமியார்’ என்றொரு படம். பாட்டு ரெக்கார்டாகிவிட்டது, படம் திரைக்கு வரவில்லை. மலேசியா வாசுதேவனும் எஸ்.பி. ஷைலஜாவும் பாடியதை இன்றும் ரசிகர்கள் தேடித் தேடிக் கேட்கிறார்கள். 1993இல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழுவை வைத்து ராஜா பதிவு செய்த சிம்பொனியும் கடைக்கு வரவில்லை. வெளிவராத இசைமேல் வரும் மோகம் உலகம் முழுவதும் ஒன்றுதான். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 1987இல் ‘தி பிளாக் ஆல்பம்’ என்ற தன் ஆல்பத்தை வெளியிடப்போகிற கடைசி நேரத்தில் நிறுத்தினார். அது திருட்டுப் பிரதிகளாகவே உலகம் சுற்றி, 1994இல்தான் முறைப்படி கடைக்கு வந்தது.

இன்றைக்கு வருவோம். நாம் தூக்கிப் போட்டதை வெளிநாட்டுக்காரர்கள் பொறுக்கியெடுத்தார்கள் என்று சொல்வது கொஞ்சம் கடுமைதான், ஆனால் பொய்யில்லை. அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழுவின் 2003 ஆல்பத்தில் ‘எலிஃபங்க் தீம்’ என்றொரு பாட்டு. அதன் அடியில் ஓடுவது ரஜினியின் நூறாவது படமான ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ பாட்டு. பக்திப் படத்திலிருந்து ஃபங்க் எடுக்க முடியும் என்று இங்கே யாருக்குத் தோன்றியது? பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் கம்பெனி ராஜாவின் 1977 முதல் 1983 வரையிலான எலக்ட்ரானிக் பாப் பாட்டுகளை ‘சொல்லச் சொல்ல’ என்ற பெயரில் தொகுத்தது. நெதர்லாந்தின் பாம்பே கனெக்ஷன் 1985-89 தமிழ்ப் படங்களின் சின்த்-பாப், எலக்ட்ரோ-ஃபங்க் பாட்டுகளை ‘ஃபயர் ஸ்டார்’ என்று வெளியிட்டது. வங்கப் பாடகி ரூபா பிஸ்வாஸ் கனடாவில் பதிவு செய்து 1982இல் வந்த ‘டிஸ்கோ ஜாஸ்’ இங்கே விலை போகவில்லை. அவர் குடும்பமே மறந்துவிட்ட அந்த ரெக்கார்டை 2019இல் சிகாகோவின் நியூமரோ குரூப் மறுபடி அச்சிட்டது.

விளைவு, எடைக்குப் போட்ட ரெக்கார்டு இப்போது ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறது. பாலாநகர் மெட்ரோவில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் எர்ரகட்டா. ஞாயிற்றுக்கிழமை அங்கே ரோட்டோரச் சந்தை. பழைய போன், டிரில்லிங் மெஷின், மிக்ஸி மோட்டார்களுக்கு நடுவே எப்போதாவது ரெக்கார்டு தலைகாட்டும். முன்பெல்லாம் அட்டை கிழிந்திருந்தால் விலை குறையும். இப்போது வியாபாரி முதலில் போனை எடுத்து, இணையத்தில் என்ன விலை என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்.

வாங்கிய ரெக்கார்டை ஓட்ட வேண்டுமே. என்னிடம் இருப்பது பழைய எச்.எம்.வி. ஃபியஸ்டா. மோட்டாரிலிருந்து தட்டுக்கு வேகத்தைக் கடத்தும் ரப்பர் சக்கரம் இறுகிப்போய், எஸ்.பி.பி. பாடினால் மலேசியா வாசுதேவன் குரல் வந்தது. புதுச் சக்கரம் கடையில் கிடைப்பதில்லை. பாலாநகர் லேத்துப் பட்டறை ஒன்றில் கொண்டுபோய்க் காட்டினேன். பட்டறைக்காரர் வெர்னியரை வைத்து அளந்து, அலுமினியத்தில் ஒரு சக்கரம் கடைந்து, விளிம்பில் ஓ-ரிங் மாட்டிக் கொடுத்தார். வேகம் சரிதானா என்று பார்க்க, கோடு போட்ட அட்டையைத் தட்டில் வைத்துச் சுற்றவிட வேண்டும். வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். எல்.இ.டி. விளக்குகள் பலவற்றின் வெளிச்சத்தில் அது தெரிவதில்லை. அதற்காகவே சோக் வைத்த பழைய டியூப் லைட் ஒன்றைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன்.

பின்னணி இசைக்கும் விடிவு வந்தது. குரல் தனி, டிரம் தனி, பேஸ் தனி என்று பிரித்துத் தரும் மென்பொருளை 2019இல் டீசர் நிறுவனம் இலவசமாக வெளியிட்டது. அதற்குப்பின் இன்னும் தேர்ந்தவை வந்துவிட்டன. லெனன் வீட்டில் பதிந்து வைத்த கேசட்டிலிருந்து அவர் குரலைப் பிரித்தெடுத்துத்தான் 2023இல் பீட்டில்ஸின் கடைசிப் பாட்டு வந்தது. அதே வித்தையால் ‘சிகப்பு ரோஜாக்கள்’ இசையிலிருந்து அலறலை உருவிவிடலாம். நாற்பது ஆண்டு காத்திருந்த பேஸ் கிட்டாரைத் தனியாகக் கேட்கலாம். கேட்டேன், மெய்சிலிர்த்தது.

ஆனால் மென்பொருள் பிரிக்க முடியாத இடத்தில் தானாக இட்டு நிரப்புகிறது. சிம்பலின் முனை மழுங்கி, தண்ணீருக்குள் அடித்த மாதிரி ஆகிவிடுகிறது. அதை ‘ஒரிஜினல் மாஸ்டர்’ என்று தலைப்பிட்டு இணையத்தில் ஏற்றுகிறார்கள். படத்தின் பெயர் தப்பு, ஆண்டு தப்பு, வாசித்தவர் பெயர் கேட்கவே வேண்டாம். அந்தக் கார் ஹாரனோடு வந்த சி.டி. இதைவிட நேர்மையானது என்பது என் கட்சி.

சட்டமும் சிக்கல்தான். ஒலிப்பதிவுக்கு நம் நாட்டில் 60 ஆண்டு காப்புரிமை. 1978இல் வந்த ரெக்கார்டு 2038 முடியும்வரை உரிமையாளர் கையில். பல சமயம் அவரிடம் உரிமைப் பத்திரம் இருக்கிறது, டேப் இல்லை. ரசிகரிடம் நல்ல ரெக்கார்டு இருக்கிறது, வெளியிட உரிமை இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் தீரக்கூடிய விஷயம் இது. காத்துவைப்பதும் முடியாத காரியமில்லை. இதே பாலாநகரில் தேசியத் தொலையுணர்வு மையம் இருக்கிறது. செயற்கைக்கோள் அனுப்பும் படங்களை ஆண்டு வாரியாகக் காத்து, கேட்பவருக்குத் தேடித் தருகிறார்கள். வயலின் படத்தையும் ஏரியின் படத்தையும் இவ்வளவு கவனமாகக் காக்கத் தெரிந்த நாட்டுக்கு ஆர்.ஆர். சுருளைக் காக்கத் தெரியாமல் போனது, மனமில்லாமல் போனதால்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் ரெக்கார்டோ, ஸ்பூல் டேப்போ, ரெக்கார்டிங் சென்டரில் பதிந்த கேசட்டோ இருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள். ரெக்கார்டைப் படுக்கப்போட்டு அடுக்காதீர்கள், வளைந்துவிடும், நிற்க வையுங்கள். வெயில் படவேண்டாம். உங்கள் தெருவில் எழுபது, எண்பதுகளில் ஸ்டுடியோவுக்கு வாசிக்கப் போன பெரியவர் யாராவது இருந்தால், எந்தப் படத்தில் எந்த வாத்தியம் வாசித்தார் என்று கேட்டு அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்து வையுங்கள். இந்த மாதமே செய்யுங்கள், அவர்களுக்கு வயதாகிவிட்டது.