பால் விலையில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

புதுச்சேரி நகரத்தில் பால் வாங்க வழிகளுக்குக் குறைவில்லை. தெருமுனையில் கூட்டுறவு ஒன்றியமான பாண்லேயின் பூத், மளிகைக் கடையில் தனியார் பாக்கெட், பாகூர், வில்லியனூர் பக்கத்திலிருந்து வண்டியில் கேன் கட்டிக்கொண்டு வரும் பால்காரர், இவை போதாதென்று 'ஆர்கானிக்' என்று அச்சடித்த பாட்டில். ஒரு லிட்டருக்கு ஒருவர் கொடுக்கும் விலையைப் போல இரண்டு மடங்கு பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கிறார். விலை கூடினால் சத்தும் கூடும் என்று நம்பி வாங்குவோர் பலர்; மாதக் கடைசியில் அந்த நம்பிக்கை கையைக் கடிக்கிறது. கூடுதல் விலையில் பெரும்பகுதி கொழுப்புக்கும் பெயருக்கும் போகிறது, புரதத்துக்கும் கால்சியத்துக்கும் அல்ல. எண்ணிச் செலவு செய்கிற வீட்டுக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கொழுப்பு குறைத்த டோன்டு பால் போதும். கையில் மிச்சம் இருந்தால் முகம் தெரிந்த பால்காரருக்குக் கொடுக்கலாம். ஆர்கானிக் பாலின் முறை அதற்கும் பிறகுதான்.

பாக்கெட்டின் நிறம் சொல்வது கொழுப்பின் அளவை மட்டுமே. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி டோன்டு பாலில் குறைந்தது 3 சதவீதம் கொழுப்பும் 8.5 சதவீதம் கொழுப்பல்லாத திடப்பொருளும் இருக்க வேண்டும். நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதமும் 9 சதவீதமும். புரதமும் கால்சியமும் இருப்பது இரண்டாவது எண்ணில்தான். அதில் வித்தியாசம் வெறும் அரை சதவீதம். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கூட்டுறவு விற்கும் ஆவின் பாலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2022 நவம்பரில் மாதாந்தரப் பால் அட்டை இல்லாதவர்களுக்கு நிறைகொழுப்புப் பாலான ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ஆனது. டோன்டு பாலான நீல பாக்கெட் 40 ரூபாயிலேயே நின்றது. ஆக, கூடுதலாகக் கொடுக்கும் 20 ரூபாய்க்குக் கிடைப்பது சுமார் 30 கிராம் கொழுப்பு. நெய் கிலோ 700 ரூபாய் என்று வைத்தால் 30 கிராம் நெய்யின் விலை 21 ரூபாய். நிறைகொழுப்புப் பால் வாங்குகிறவர் நெய் விலைக்கு நெய் வாங்குகிறார், அவ்வளவுதான். கள்ளிச்சொட்டுப் போலக் காபி வேண்டுமென்றால் அரை லிட்டர் வாங்கலாம், அதில் குற்றமில்லை. பிள்ளைகளின் சத்துக்காக என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இதற்கு விதிவிலக்கு. அந்த வயதில் கொழுப்பைக் குறைக்கக் கூடாது என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை.

"டோன்டு பாலா? அது பவுடர் கரைத்த தண்ணீர்" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பவுடர் சேர்ப்பது உண்மை. அது திருட்டுத்தனம் அல்ல, சட்டம் ஒப்பிய முறை. எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், விலையும் அதிகம். அதோடு கொழுப்பு நீக்கிய பால்பவுடரும் தண்ணீரும் சேர்த்தால் பாலின் அளவு கூடும், விலை இறங்கும், புரதம் குறையாது. இந்த யோசனையை 1940களில் பம்பாயில் செயலுக்குக் கொண்டுவந்தவர் ஆரே பால் காலனியை உருவாக்கிய தாரா குரோடி. வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் படேல் ஆகியோருடன் 1963இல் மகசேசே விருதைப் பகிர்ந்துகொண்டவர் அவர். ஏழை வீட்டுக்கும் பால் எட்ட வேண்டும் என்பதற்காக வந்த பால் இது. அதை மட்டமாகப் பார்ப்பது நியாயமில்லை. கொழுப்போடு சேர்ந்து வைட்டமின் ஏ குறைவது மட்டும் உண்மையான குறை. அதற்காகத்தான் ஏ, டி வைட்டமின்கள் சேர்த்த பால் வந்திருக்கிறது. பாக்கெட்டில் கூட்டல் குறியோடு 'எஃப்' எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

ஆர்கானிக் பாலுக்காகப் பேசுபவர்களின் வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் போடாத தீவனம், மருந்து கொடுத்தால் குறிப்பிட்ட நாள் வரை பாலை விற்காத கட்டுப்பாடு, மாடு வெளியே மேய இடம்: இவை மண்ணுக்கும் மாட்டுக்கும் நல்லவை. குடிப்பவர் உடம்புக்கு என்ன லாபம்? இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆர்கானிக் பாலில் ஒமேகா-3 கொழுப்பு ஐம்பது சதவீதத்துக்கு மேல் கூடுதலாகவும் அயோடின் குறைவாகவும் இருந்தன. கூடுதலுக்குக் காரணம் முத்திரை அல்ல, மாடு தின்ற புல். பசும்புல் மேய்கிற எந்த மாட்டின் பாலிலும் அது கூடும். பாலில் ஒமேகா-3 மொத்தத்திலேயே சொற்பம். கடற்கரை ஊரில் இருந்துகொண்டு அதைப் பாலில் தேடுவானேன், மத்தி மீன் வாங்கினால் போதாதா? சைவர்களுக்கு ஆளி விதை இருக்கிறது. பால் இரு மடங்கு விலை என்று வைத்தால், தினம் ஒரு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு மாதம் 1,200 ரூபாய் கூடுதல் செலவு. முட்டை ஒன்று 6 ரூபாய் என்றால் அது 200 முட்டை. வசதி உள்ளவர் ஆர்கானிக் வாங்கட்டும். ஆனால் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும். 'நாட்டு', 'பண்ணை', 'ஏ2' என்ற சொற்கள் எல்லாம் ஆர்கானிக்குக்கு ஈடாகாது. பால் புரதத்தின் வகையைச் சொல்லி ஏ1, ஏ2 என்று போட்டு விற்கக் கூடாது என 2024 ஆகஸ்டில் உத்தரவிட்ட உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விற்பவர்களுக்குக் கொண்டாட்டம்.

பாக்கெட் பாலுக்கு எதிரான வலுவான வாதம் வேறு ஒன்று. 2018இல் ஆணையம் நாடு முழுக்க 6,432 மாதிரிகளைச் சோதித்தது. தண்ணீர், யூரியா என்று நாம் பயந்துகொண்டிருந்தோம். உடம்புக்குக் கேடான கலப்படம் சிக்கியது 12 மாதிரிகளில் மட்டுமே. அஃப்லாடாக்சின் எம்1 என்ற நஞ்சு 368 மாதிரிகளில் வரம்பை மீறியிருந்தது. அதிகம் சிக்கியது தமிழ்நாட்டில், 551 மாதிரிகளில் 88. கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில் அது கூடுதல் என்றும் அறிக்கை சொன்னது. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றைத் தின்ற மாட்டிடமிருந்து வருவது அது, காய்ச்சினாலும் போகாது. பாக்கெட் பால் என்றால் எல்லாம் சுத்தம் என்று சொல்ல முடியாது. அதற்காக மற்ற இரண்டும் தப்பிவிடவில்லை. பிண்ணாக்கு நனைந்து கிடந்தால் பாகூர்த் தொழுவத்திலும் பூஞ்சை வரும், ஆர்கானிக் பண்ணையிலும் வரும். தீர்வு காய்ந்த கிடங்கும் ஓயாத பரிசோதனையும்தான். தினமும் சோதிக்க ஆய்வுக்கூடம் வைக்க ஒரு பால்காரரால் முடியாது, ஒரு கூட்டுறவு ஒன்றியத்தால் முடியும்.

உள்ளூர்ப் பால் என்பது எது? இந்த ஊரில் அதற்கு நேரடியான பதில் கிடையாது. 130 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள காரைக்கால் நம் யூனியன் பிரதேசம். கூப்பிடு தூரத்து வானூர் தமிழ்நாடு. பாண்லேவோ உள்ளூர்க் கொள்முதல் போதாமல் கர்நாடகம் போன்ற வெளி மாநிலங்களிலிருந்தும் பால் வாங்குகிறது. எனவே கேனில் வரும் வானூர்ப் பால், பாக்கெட் பாலைவிடச் சில நாள் உள்ளூராக இருக்கலாம். அந்தப் பாலின் பலம் கறந்த சில மணி நேரத்தில் வீடு சேர்வது. காசு இடைத்தரகர் இல்லாமல் கறப்பவர் கைக்குப் போவது. பலவீனம், அளக்க ஆளில்லை. லாக்டோமீட்டரை மட்டும் நம்ப முடியாது: தண்ணீர் ஊற்றினால் பால் லேசாகும், ஆடையை எடுத்தால் கனமாகும், இரண்டையும் செய்தால் கருவி சரியான எண்ணையே காட்டும். கறந்த பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். கன்றுவீச்சு நோய்க் கிருமியும் காசநோய்க் கிருமியும் பச்சைப் பாலில் வரக்கூடியவை. தொழுவத்தை ஒருமுறை போய்ப் பார்க்க விடுகிற பால்காரர் கிடைத்தால் லிட்டருக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

மலிவு விலைப் பால் விவசாயியைச் சுரண்டுகிறது என்ற கேள்வியும் எழும். 2022 நவம்பரில் ஆவின் பசும்பாலுக்குக் கொடுத்த கொள்முதல் விலை லிட்டர் 35 ரூபாய், நீல பாக்கெட் விற்ற விலை 40. நுகர்வோர் கொடுத்ததில் பெரும்பங்கு மாடு வைத்திருப்பவருக்கே போயிற்று. அந்த 35 தீவன விலைக்குக் கட்டுமா என்பது நியாயமான சண்டை. அதை அரசிடம் போட வேண்டும். ஆர்கானிக் பாட்டில் வாங்கித் தீர்க்க முடியாது.

எவ்வளவு பால் தேவை என்பதையும் பார்த்துவிடலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்ன அளவு, பாலும் தயிரும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 300 மில்லி. 100 கிராம் பசும்பாலில் கால்சியம் சுமார் 120 மில்லிகிராம். அதே எடைக் கேழ்வரகில் 360க்கு மேல். வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகுக் கூழ் இருக்கும் வீட்டில் பால் கொஞ்சம் குறைந்தாலும் குடிமுழுகாது. பாக்கி ஒன்றுதான்: பாண்லே பூத்தில் விலைப் பட்டியலோடு அஃப்லாடாக்சின் சோதனை முடிவையும் மாதாமாதம் ஒட்டச் சொல்லி, அன்றாடம் வாங்குகிற நாம்தான் கேட்க வேண்டும்.