கொஞ்சமாகத் திரும்பினால் போதாது

இரண்டு இயந்திரக் கப்பல்கள் நேருக்கு நேர் வந்தால் என்ன செய்யணும்? இரண்டும் வலப்பக்கம் திரும்பணும். பாதைகள் குறுக்கிட்டால், எந்தக் கப்பலுக்கு மற்றது வலப்பக்கத்தில் தெரிகிறதோ அது ஒதுங்கணும். 1972-ல் உருவாகி 1977-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் 14, 15 ஆகியவை சொல்வது இதைத்தான். தானே ஓடும் கப்பலுக்கு இதைக் கற்றுக்கொடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. இரண்டும் எவ்வளவு நெருங்கும், எப்போது நெருங்கும் என்பதை ரேடார் தகவலை வைத்துக் கணக்கிடலாம். தூரம் போதாதென்றால் திரும்பச் சொல்லி நிரல் எழுதலாம்.

சிக்கல் 8-ஆம் விதியில் இருக்கிறது. நேரத்தோடு விலகு, எதிர்க்கப்பலின் கண்ணுக்கோ ரேடாருக்கோ சட்டென்று தெரிகிற அளவுக்குத் திரும்பு, சின்னச் சின்னத் திருப்பங்களாகச் செய்யாதே என்கிறது அது. எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் முன்பு? விதியில் எண்ணே கிடையாது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு, இந்த விதிகளுக்கு முந்தைய விபத்து ஒன்றைப் பார்க்கலாம். 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால், ஆண்ட்ரியா டோரியாவும் ஸ்டாக்ஹோமும் ஒன்றையொன்று ரேடாரில் பார்த்துக்கொண்டேதான் நெருங்கின. இடைவெளியைக் கூட்ட ஆண்ட்ரியா டோரியா இடப்பக்கம் 4 டிகிரி திரும்பியது. அவ்வளவு சின்னத் திருப்பம் எதிரே வருபவருக்குத் திருப்பமாகவே தெரியாது. ஸ்டாக்ஹோம் வலப்பக்கம் திரும்பியது. இறந்தவர்கள் 51 பேர்.

பாதையைக் கணக்கிடும் நிரலிடம் "குறைந்த சுற்று, குறைந்த எரிபொருள்" என்று மட்டும் கேட்டால், அதுவும் இப்படிப்பட்ட 4 டிகிரி விடையைத்தான் தரும். கணக்குப்படி அது சரியாகவே இருக்கும். ஆனால் எதிர்க்கப்பலில் நிற்பவர் ஒரு மனிதர். 17-ஆம் விதிப்படி வழி பெறும் கப்பல் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போகணும். மற்றது விலகவில்லை என்று தெரிந்தால் தானே நடவடிக்கை எடுக்கலாம். 'நம்மைப் பார்த்ததா, இல்லையா?' என்று அவருக்குப் புரியாவிட்டால் அவரும் சுக்கானைத் திருப்புவார். அப்புறம் நம் நிரல் போட்ட கணக்குக்கு அர்த்தமில்லை.

ஆகவே தானியங்கிக் கப்பலைச் சோதிக்கும்போது எத்தனை மீட்டர் தள்ளிப் போனது என்று மட்டும் அளந்தால் போதாது. அது விலகுகிறது என்பது எதிர்க்கப்பலுக்கு எத்தனை நிமிடம் முன்பே தெரிந்தது என்பதையும் அளக்கணும்.