உங்களுக்குத் தெரியுமா? பெண் முயலும் கருப்பைப் புற்றுநோயும்

வளர்ப்புப் பெண் முயலுக்குச் சினைப்பையையும் கருப்பையையும் அகற்றும் கருத்தடை அறுவை சிகிச்சை, குட்டிகள் பெருகுவதைத் தடுப்பதற்கு மட்டுமன்று. ஆண் துணையின்றித் தனியே வளரும் முயலுக்கும் அது பரிந்துரைக்கப்படுவதற்குக் காரணம், வயது ஏற ஏறக் கருப்பையின் உட்படலத்தில் தோன்றி நுரையீரலுக்கும் பரவக்கூடிய அடினோகார்சினோமா என்னும் சுரப்பித்திசுப் புற்றுநோயே ஆகும். 4 வயதைக் கடந்த முயல்களிடம், சில இனங்களில், இந்நோய் 50 முதல் 80 விழுக்காடு வரை காணப்பட்டதாக ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. ஒருமுறை குட்டி ஈன்றுவிட்டால் ஆபத்து நீங்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. சிறுநீரில் இரத்தம் கலப்பது இதன் முக்கிய அறிகுறி. ஆனால் தின்ற தழைகளின் நிறமிகளாலும் முயலின் சிறுநீர் இயல்பாகவே செந்நிறம் பெறுவதுண்டு என்பதால், வளர்ப்போர் இரண்டையும் குழப்பிக்கொண்டு நோயைக் காலந்தாழ்த்தி அறிவது வருந்தத்தக்கது.

மயக்க மருந்தின் ஆபத்து நாய், பூனைகளைவிட முயலுக்குக் கூடுதல் என்பதை மறுக்க இயலாது. ஆகவே முயல் மருத்துவத்தில் தேர்ந்த கால்நடை மருத்துவரைக் கொண்டு, உடல்நலத்துடன் இருக்கும் இளம் பருவத்திலேயே, பெரும்பாலும் 6 மாத வயதையொட்டி, இந்த அறுவை சிகிச்சையைச் செய்விப்பதே தக்கது. முயலால் வாந்தியெடுக்க இயலாது என்பதோடு அதன் குடலியக்கமும் தடைபடலாகாது. எனவே அறுவைக்கு முந்தைய இரவு அதைப் பட்டினி போடுவதில்லை.