தறிச் சத்தத்துக்கு நடுவே வளரும் குழந்தை



ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று நம்ம பக்கத்தில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. வீட்டுக்குள்ளேயே தறி. அவர் நெய்தால் நாம் தார் சுற்றுகிறோம். நாம் தறியில் உட்கார்ந்தால் அவர் நூல் வேலை பார்க்கிறார். புடவையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தையும் இருந்தால்? அம்மா நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறாள். ஆனாலும் குழந்தைக்கு அம்மா கிடைப்பதில்லை.

குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை பேசி முடித்ததும் பேச்சு பிள்ளைகள் பக்கம் திரும்புகிறது. "ரெண்டு வயசு ஆவுது, இன்னும் பேச்சு வரலக்கா." "செல்போன் குடுத்தாத்தான் வாயத் திறக்குது." "பாவு நூலப் புடிச்சு இழுத்துடுச்சு, ஆத்திரத்துல ரெண்டு வெச்சிட்டேன்." இந்த மூன்றுக்கும் பதில் தேடுவதுதான் இந்தக் கட்டுரை.

முதல் ஐந்து வருஷம் ஏன் முக்கியம்?

குழந்தையின் மூளை மிக வேகமாக வளர்வது முதல் இரண்டு, மூன்று வருஷங்களில்தான். ஐந்து வயதுக்குள் மூளை ஏறக்குறைய முழு அளவுக்கு வந்துவிடுகிறது. இந்த வளர்ச்சிக்குத் தாய்ப்பாலும் சோறும் முட்டையும் வேண்டும். அதோடு இன்னொன்றும் வேண்டும். அதுதான் பேச்சும் விளையாட்டும். குழந்தை "ங்கா" என்கிறது. நாம் "என்னடா கண்ணு" என்கிறோம். அது மறுபடி "ங்கா" என்கிறது. இப்படிக் கொடுத்து வாங்கும் ஒவ்வொரு முறையும் அதன் மூளையில் ஒரு இணைப்பு பலமாகிறது. பதில் சொல்ல ஆளே இல்லையென்றால் அது மெல்ல மெல்லக் கூப்பிடுவதையே குறைத்துக்கொள்ளும். "எங்க புள்ள ரொம்ப சாது, வெச்ச எடத்துல இருக்கும்" என்று நாம் பெருமைப்படும் குழந்தையையும் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும்.

இதைக் காசு கணக்காகவே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜமைக்கா தீவின் கிங்ஸ்டன் நகரில் 1980-களின் கடைசியில், ஏழை வீடுகளில் வளர்ச்சி குன்றியிருந்த 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாருக்கும் 9 மாதம் முதல் 2 வயதுக்குள். சில வீடுகளுக்குச் சுகாதாரப் பணி செய்யும் பெண்கள் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், இரண்டு வருஷம் போனார்கள். குழந்தையோடு எப்படிப் பேசுவது, காலி டப்பா, மூடி போன்ற வீட்டுச் சாமான்களை வைத்து எப்படி விளையாடுவது என்று அம்மாவுக்குக் காட்டினார்கள். அவ்வளவுதான். இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது, அந்த வீட்டுப் பிள்ளைகள் அப்படி யாரும் போகாத வீட்டுப் பிள்ளைகளைவிட சுமார் 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். இந்த முடிவு 2014-ல் வெளிவந்தது. அதற்கு விலை உயர்ந்த பொம்மையோ, பெரிய படிப்போ தேவைப்படவில்லை.

எந்த வயதில் என்ன செய்யும்?

எல்லாக் குழந்தையும் ஒரே நாளில் நடந்துவிடாது. ஒன்றிரண்டு மாதம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் ஒரு கணக்கு நம் கையில் இருப்பது நல்லது.

- 2 மாதம்: முகம் பார்த்துச் சிரிக்கும்.
- 4 மாதம்: தலை நிற்கும். குரல் வரும் பக்கம் திரும்பும்.
- 6 முதல் 9 மாதம்: பிடிமானம் இல்லாமல் உட்காரும். "பாபா, தாத்தா" என்று ஒலி எழுப்பும்.
- 1 வயது: பிடித்துக்கொண்டு நிற்கும். கை ஆட்டி டாட்டா காட்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும்.
- ஒன்றரை வயது: தானாக நடக்கும். சில வார்த்தைகள் சொல்லும். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டும்.
- 2 வயது: "அம்மா வா", "பால் குடு" என்று இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசும்.
- 3 வயது: சின்னச் சின்ன வாக்கியம் பேசும். பெரும்பாலும் அடுத்தவர்களுக்கும் புரியும்.

இதில் ரொம்பவும் பின்தங்கினாலோ, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விட்டாலோ, "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்க வேண்டாம். தறி வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. குழந்தை கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் தறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று விட்டுவிடுகிறோம். தறி நின்றிருக்கும் நேரத்தில், குழந்தைக்குத் தெரியாமல் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்கள். டம்ளரில் கரண்டியைத் தட்டிப் பாருங்கள். திரும்பவில்லை என்று சந்தேகம் வந்தால் உடனே காட்ட வேண்டும். காது கேட்காத குழந்தைக்குப் பேச்சு வராது. சீக்கிரம் கண்டுபிடித்தால் வழி உண்டு.

யாரிடம் காட்டுவது? 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில், மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. அந்த நாளில் கூலி ஒரு மணி நேரம் போனாலும் பரவாயில்லை, நாமும் கூடப் போய் நம் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் மாவட்ட அளவிலான ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்பி வைப்பார்கள். அங்கே சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை. நடுவில் சந்தேகம் வந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

வேலையும் நடக்கணும், பிள்ளையும் வளரணும்

"இதுக்கெல்லாம் நேரம் ஏதுக்கா?" என்ற கேள்வி நியாயமானது. தனியாக நேரம் ஒதுக்க முடியாதவர்கள் இருக்கிற நேரத்திலேயே செய்யலாம்.

குளிப்பாட்டும்போது, ஊட்டும்போது, தூங்க வைக்கும்போது, இந்த மூன்று நேரமும் எப்படியும் நம் கை குழந்தைமேல்தான் இருக்கிறது. அப்போது வாயும் பேசட்டும். "இது கை, இது மூக்கு, தண்ணி சூடா இருக்கா?" என்று சொல்லிக்கொண்டே செய்தால் போதும். தாலாட்டு, கைதட்டு, கண்ணாமூச்சி, நிலாவைக் காட்டிச் சோறு, இவையெல்லாம் நம் ஆயாமார் கொடுத்துவிட்டுப் போன மூளைப் பயிற்சிதான். நெய்யும்போதும் பேசலாம். சிவப்பு, பச்சை, மயில், மாங்காய் என்று நம் புடவையிலேயே ஒரு பாடப்புத்தகம் இருக்கிறது.

தூளி நல்லதுதான். ஆனால் விழித்திருக்கும் குழந்தையை மணிக்கணக்கில் தூளியில் போட்டு வைத்தால் கை கால் ஓட்டம் குறைந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் அடைத்து வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தவழாத குழந்தையை, விழித்திருக்கும் நேரத்தில் பாயில் குப்புறப் போட்டு, நம் கண் முன்னால் விளையாட விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு மொத்தம் அரை மணி நேரமாவது வர வேண்டும். தூங்கும்போது மட்டும் மல்லாக்கப் போடுவதுதான் பாதுகாப்பு.

செல்போன் பற்றி அதே நிறுவனம் 2019-ல் சொன்னது இது: 2 வயது வரை செல்போனும் டிவியும் வேண்டவே வேண்டாம். 2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். செல்போன் பேசும், ஆனால் குழந்தைக்குப் பதில் சொல்லாது. அதனால்தான் பாட்டெல்லாம் தலையாட்டிக் கேட்கிற குழந்தைக்கும் பேச்சு வராமல் போகிறது. ஊட்டும்போது போனைக் காட்டினால் எதைத் தின்கிறோம், வயிறு நிறைந்ததா என்பதே குழந்தைக்குத் தெரியாது. திடீரென்று நிறுத்தினால் மூன்று நாள், நான்கு நாள் அழும். வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சாக இருந்தால் அடங்கிவிடும்.

சாப்பாடு: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீரும் வேண்டாம், சேனை வைப்பதும் வேண்டாம். ஒரு வயது வரை தேன் கொடுக்கவே கூடாது. ஆறு மாதம் முடிந்ததும் கரண்டியில் நிற்கும் பதத்துக்குக் குழைத்த சோறு, பருப்பு, கீரை, முட்டை, அங்கன்வாடியில் தரும் சத்துமாவு. கூடவே 2 வயது வரை தாய்ப்பால். ரத்தசோகை உள்ள குழந்தை சுறுசுறுப்பில்லாமல் இருக்கும், கற்பதும் மெதுவாகும். 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இரண்டு முறை தரும் இரும்புச்சத்து மருந்தைச் செவிலியரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

தறி வீட்டில் குறிப்பாகக் கவனிக்க

1. தறிக்குழி: ஆள் இறங்கினால் மட்டுமே திறந்திருக்க வேண்டும். மற்ற நேரத்தில் பலகை போட்டு மூடுங்கள்.

2. நூல்: மெல்லிய பட்டு இழையோ தலைமுடியோ குழந்தையின் விரலில் சுற்றி இறுகிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். இழை தோலுக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது. குழந்தை காரணம் தெரியாமல் விடாமல் அழுதால் கைவிரல், கால்விரல், ஆண் குழந்தைக்கு ஆண்குறி வரை பிரித்துப் பாருங்கள். வீங்கிச் சிவந்திருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கழிவு நூலைத் தரையில் விடாமல் அன்றன்றே கூட்டி எடுங்கள்.

3. வாயில் போவது: ஊசி, பட்டன், பேட்டரி, வேர்க்கடலை, இவை குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வட்ட பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். உடனே 108.

4. தண்ணீரும் சாயமும்: பக்கெட்டில் கால்வாசித் தண்ணீர் இருந்தாலும் தவழும் குழந்தைக்கு ஆபத்து. சாயத் தூளையும் மண்ணெண்ணெயையும் குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

அடம் பிடித்தால் அடிக்கலாமா?

ஒன்றரை வயது முதல் மூன்று, மூன்றரை வயது வரை அடம் இருக்கும். ஆசை வந்துவிட்டது, அதைச் சொல்ல வார்த்தை வரவில்லை, பொறுத்துக்கொள்ளும் வயதும் இல்லை. அதனால்தான் புரண்டு அழுகிறது. நம்மைப் பழிவாங்க அல்ல. பளபளக்கும் ஜரிகையைப் பார்த்தால் பிடித்து இழுப்பதும் அப்படித்தான். அது ஆராய்ச்சி. நமக்கோ அறுந்த இழைகளைப் பிணைக்க அரை நாள் போய்விடும். கோபம் வருவது இயற்கை.

அடித்தால் அந்த நிமிஷம் நின்றுவிடும். ஆனால் குழந்தை நூலின் அருமையைக் கற்றுக்கொள்வதில்லை. நாம் பார்க்காதபோது தொட வேண்டும் என்றும், கோபம் வந்தால் கை ஓங்கலாம் என்றும்தான் கற்றுக்கொள்கிறது. "பூச்சாண்டி புடிச்சிப்பான்", "ஊசி போட்டுடுவாங்க" என்று பயமுறுத்துவதும் வேண்டாம். பிறகு தடுப்பூசிக்குத் தூக்கிப் போவது நாம்தானே.

அதற்குப் பதில் என்ன செய்யலாம்? முதலில் கைக்கு எட்டாமல் ஒரு தடுப்பு. பழைய புடவையைத் தறிக்கு முன்னால் கட்டினாலும் போதும். இரண்டாவது, குழந்தைக்கென்று ஒரு கூடை: சிரட்டை, கரண்டி, பெரிய டப்பா, துணிப்பந்து, கிழிந்த காலண்டர் தாள். நாம் வேலையில் உட்காரும்போது மட்டும் அந்தக் கூடை வெளியே வரட்டும். தினமும் கண்ணில் பட்டால் சலித்துவிடும். மூன்றாவது, "தொடாதே" என்று பத்து முறை கத்துவதைவிட, கையை மெதுவாக எடுத்துவிட்டு, "இது அம்மா நூல், இது உன் டப்பா" என்று ஒரே வார்த்தையாகச் சொல்லுங்கள். நல்லபடி விளையாடும்போது ஒரு தட்டிக்கொடுத்தல், ஒரு முத்தம். அடத்துக்கு மட்டுமே அம்மா திரும்பிப் பார்க்கிறாள் என்று தெரிந்தால் குழந்தை அடத்தையே தேர்ந்தெடுக்கும்.

நமக்கே கை ஓங்க வருகிறதென்றால், குழந்தையை மாமியாரிடமோ, அவரிடமோ கொடுத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். பிள்ளை வளர்ப்பு அம்மா வேலை மட்டும் இல்லை. அப்பா தினமும் கால் மணி நேரம் தூக்கி வைத்துப் பேசினாலும் அது குழந்தைக்குச் சொத்துதான்.

தூங்க வைக்க மருந்தா?

ஆர்டர் அவசரத்தில் இருமல் மருந்தை ஊற்றித் தூங்க வைக்கும் பழக்கம் அங்கங்கே இருக்கிறது. கசகசா அரைத்துக் கொடுப்பதும் உண்டு. இரண்டுமே மூச்சைத் தடுக்கக்கூடியவை. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்துக் குழந்தைகள் இறந்தன. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசின் சுகாதாரத் துறை, 2 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்தே எழுதக் கூடாது, 5 வயது வரையிலும் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவித்தது. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி ஊற்றும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவோம்.

குழுவாக நாம் என்ன செய்யலாம்?

ஒரு தெருவில் நான்கு உறுப்பினர் வீட்டில் சிறு குழந்தை இருந்தால், ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து, காலையில் இரண்டு மணி நேரம் ஒருவர் நான்கு பேரையும் பார்த்துக்கொள்ளலாம். மற்ற மூவர் நிம்மதியாக நெய்யலாம். குழந்தைகளுக்கும் கூட்டு கிடைக்கும். 2 வயது முடிந்த குழந்தையைத் தவறாமல் அங்கன்வாடிக்கு அனுப்பலாம். அங்கே சாப்பாடு மட்டுமல்ல, பாட்டு, கதை, விளையாட்டு என்று முன்பருவக் கல்வியும் உண்டு. அது சரியாக நடக்கிறதா என்று போய்ப் பார்த்துக் கேட்பதும் நம் உரிமை.

அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் தவணைக் கணக்கோடு இன்னொரு பக்கமும் எழுதுவோம். நம் குழுவில் 5 வயதுக்குக் கீழே எத்தனை குழந்தைகள், யாருக்குப் பேச்சு வரவில்லை, யாரை இன்னும் டாக்டரிடம் காட்டவில்லை? ஊக்குநர் ஒருவரே எல்லா வீட்டுக்கும் போக முடியாது. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பக்கத்து வீட்டு உறுப்பினர் பார்த்துச் சொல்லட்டும். பாவில் ஓர் இழை விட்டுப்போனால் புடவை முழுக்க அந்தக் கோடு தெரியும். குழந்தை அப்படியில்லை. விட்டுப்போனதைச் சீக்கிரம் கவனித்தால் சேர்த்துவிடலாம். சீக்கிரம் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.