புல்லட்டுக்கா ஸ்பேர் கிடைக்காது?

மாட்டுக்கொட்டகை மூலையில் சாக்கு போர்த்திக் கிடக்கும் அப்பா காலத்துப் புல்லட்டை வெளியே எடுத்துச் சரிசெய்யப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "புல்லட்டுக்கா ஸ்பேர் கிடைக்காது?" கிடைக்கும், தாராளமாகவே கிடைக்கும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கடையில் கிடைப்பது ஏதோ ஒரு புல்லட்டின் பாகம். உங்களுக்கு வேண்டியது உங்கள் புல்லட்டின் பாகம்.

1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் இங்கிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் கப்பலில் வந்த புல்லட் பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றாக இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி என்ற அந்த இரும்பு சிலிண்டர் என்ஜின் 2010ஐ ஒட்டித்தான் ஓய்ந்தது. ரெட்டிச் ஆலையோ 1967இலேயே மூடப்பட்டுவிட்டது. தாய்வீடு இல்லாமல் போன பிறகும் பிள்ளை இங்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது.

அத்தனை ஆண்டும் வண்டியின் தோற்றம் பெரிதாக மாறவில்லை. உள்ளே சின்னச் சின்னதாக மாறிக்கொண்டே இருந்தது. 6 வோல்ட் 12 வோல்ட் ஆனது. அமால் கார்புரேட்டர் போய் மிக்கார்ப் வந்தது. வலது காலில் இருந்த நான்கு கியர், கடைசிக் காலத்தில் இடது காலில் ஐந்து கியர் ஆனது. ஆகவே "எல்லாம் ஒண்ணுதான் சார், போட்டா உக்காரும்" என்று கடைக்காரர் சொன்னால் அது பொய்யில்லை. உட்காரும். ஆனால் அப்படிப் பத்துப் பாகம் உட்கார்ந்தபின் நிற்பது உங்கள் அப்பாவின் வண்டியாக இருக்காது.

அதனால் ஸ்பானரைத் தொடும் முன் செய்ய வேண்டிய வேலை, எது காணாமல் போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. கேட்க எளிதாக இருக்கும், செய்யும்போது வாரக்கணக்கில் இழுக்கும். இல்லாத பொருள் கண்ணுக்குப் படாது என்பது ஒரு காரணம். இருப்பதெல்லாம் அசல் என்று நம்பிவிடுவோம் என்பது இன்னொன்று. ஐம்பது வருடத்தில் நாலைந்து மெக்கானிக்குகள் கைவைத்த வண்டி அது. 1980களில் எவரோ மாற்றிப் போட்ட மட்கார்டு, இன்று பார்த்தால் வண்டியோடு பிறந்ததுபோல் துருவேறி நிற்கும்.

முதல் சாட்சி வீட்டு ஆல்பம். அந்தக் காலத்தில் புல்லட் வாங்கியவர் அதன்மேல் உட்கார்ந்து ஒரு படமாவது எடுத்துக்கொண்டிருப்பார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்குங்கள். சீட் ஒரே நீளமா, ஸ்பிரிங் வைத்த தனிச் சீட்டா? சைலன்சரின் முனை எப்படி? ஹெட்லைட்டின் இரு பக்கமும் சின்னச் சின்ன விளக்குகள் கண்போல் இருக்கின்றனவா? அந்த இரட்டை விளக்கு வைத்த முகப்பை ராயல் என்ஃபீல்டு 1954 மாடலில்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வண்டியில் அது இருந்தால், பின்னால் வந்து சேர்ந்தது என்று பொருள். அதற்கடுத்த வண்டியில் இல்லாவிட்டால், அதைத்தான் நீங்கள் தேடப் போகிறீர்கள்.

இரண்டாவது சாட்சி பாகப் புத்தகம். ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டலாக் என்று பழைய புத்தகக் கடைகளிலும் பழைய மெக்கானிக்குகளின் அலமாரியிலும் இருக்கும். என்ஜினைப் பிரித்துப் பரப்பிய படமும், ஒவ்வொரு வாஷருக்கும் ஓர் எண்ணும் அதில் இருக்கும். கடையில் போய் "கிளட்ச் பக்கம் ஒரு வளையம் மாதிரி" என்று கையை ஆட்டினால் கிடைப்பது வேறு, எண்ணைச் சொன்னால் கிடைப்பது வேறு. புத்தகம் கைக்கு வரும்வரை எதையும் வாங்காமல் இருப்பதே நல்லது.

பிரிக்கும்போது ஓர் எச்சரிக்கை. பழைய புல்லட்டில் பல போல்ட்டுகள் விட்வொர்த் போன்ற பிரிட்டிஷ் அளவில் இருக்கும், மில்லிமீட்டரில் அல்ல. விட்வொர்த் ஸ்பானரில் கால் என்று எழுதியிருந்தால் அது போல்ட்டின் தண்டு கால் அங்குலம் என்பதைக் குறிக்கிறது. அதன் தலை 13.3 மில்லிமீட்டர். நம் டூல் பாக்ஸில் இருக்கும் 13 நுழையாது, 14 வழுக்கும். வழுக்கினால் தலையின் மூலைகள் மழுங்கி, பிறகு உளிதான் கதி. மரையும் அப்படியே. விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, மில்லிமீட்டர் மரைக்கு 60 பாகை. ஒன்றில் மற்றொன்று இரண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் அலுமினிய கேஸின் மரையை அரைத்துவிடும். கேரேஜ்களில் நான் பார்த்த உடைந்த கேஸ்களில் பாதிக்கு மேல் விபத்தில் உடைந்தவை அல்ல. தப்பான போல்ட்டை முறுக்கி உடைத்தவை. ஒரு செட் விட்வொர்த் ஸ்பானருக்குச் செலவு செய்வதுதான் இந்த வேலையில் முதல் முதலீடு.

இனித் தேடல். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு புதுப் பாகத்துக்கு, புதுப்பேட்டை பழசுக்கு. டெல்லிப் பக்கம் போகிறவர் இருந்தால் கரோல் பாக். ஆனால் பெரிய சந்தைகளில் அரிய பாகம் கிடைப்பது குறைவு என்பது என் கணிப்பு, ஏனென்றால் எல்லாரும் முதலில் அங்கேதான் போகிறார்கள். சின்ன ஊர்களில் தேடுங்கள். முப்பது வருடமாக ஒரே இடத்தில் ஸ்பேர் கடை வைத்திருப்பவரின் பரணில், விற்காமல் தங்கிய சரக்கு எண்ணெய்க் காகிதம் சுற்றியபடி இருக்கும். வேலையை விட்டுவிட்ட பெரிய மெக்கானிக்கின் வீட்டில் கோணிப்பை நிறைய இருக்கும். அங்கே போகும்போது பட்டியலோடு மட்டும் போகாமல், அந்தப் பழைய ஃபோட்டோவையும் எடுத்துப் போங்கள். "இந்த வண்டி நம்ம கைக்கு வந்ததுதான் தம்பி" என்று ஒருவர் சொன்னால், அதற்குப் பிறகு பாகம் தானாக வரும். காயலான் கடைக்காரரிடமும் ஃபோன் எண்ணைக் கொடுத்துவையுங்கள். எடைக்கு வந்த வண்டியை உருக்கப் போகும் முன் ஒரு வார்த்தை சொல்வார்.

ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். எண் பொறித்த என்ஜின் கேஸையோ சேசிஸையோ பில்லும் பத்திரமும் இல்லாமல் வாங்கவே கூடாது, எத்தனை மலிவாக வந்தாலும் சரி. அது யாரிடமிருந்தாவது திருடுபோனதாக இருக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் பொருந்தாத வண்டியை எந்த அலுவலகத்திலும் புதுப்பிக்க முடியாது.

எங்கும் கிடைக்காத பாகத்தைச் செய்ய வேண்டியதுதான். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கோயம்புத்தூர் வார்ப்படப் பட்டறைகள் ஒற்றைப் பாகத்தைக்கூட மணல் அச்சில் ஊற்றித் தரும். ஆனால் வேறொருவரிடம் இரவல் வாங்கிய அசல் என்ஜின் மூடியையே அச்சாக வைத்தால், வருவது அசலைவிடச் சிறிதாக இருக்கும். உருகிய அலுமினியம் உறைந்து ஆறும்போது நீளத்தில் ஏறக்குறைய 1.3 சதவீதம் சுருங்குகிறது. 150 மில்லிமீட்டர் மூடியில் இரண்டு மில்லிமீட்டர் போய்விடும், போல்ட் ஓட்டைகள் ஒன்றும் சேராது. அதனால் அச்சை அந்த அளவுக்குப் பெரிதாக்கி, ஓட்டைகளை வார்த்தபின் போட வேண்டும். புஷ், ஸ்பேசர், பின் எல்லாம் லேத் பட்டறையில் அரை நாள் வேலை. கேஸ்கெட்டை ஷீட் வாங்கி நாமே வெட்டிக்கொள்ளலாம்.

பிரேக், டயர், கேபிள், வயரிங் இவற்றில் பழசைப் பிடித்துத் தொங்கக் கூடாது. எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். பெட்ரோல் டியூபும் அப்படியே. இப்போது பங்க்குகளில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடும். மற்றபடி, தேய்ந்திருந்தாலும் வேலை செய்கிற அசல் பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். கைபட்டுத் தேய்ந்த லிவரில் உங்கள் அப்பாவின் விரல் இருக்கிறது. குரோம் போடக் கொடுக்கும் முன் இருமுறை யோசியுங்கள். பூச்சுக்கு முன் பாலிஷ் சக்கரத்தில் தேய்ப்பார்கள், அதில் பொறித்த எழுத்துகள் மழுங்கிப்போகும். பெயிண்ட் கடைசி வேலை. முழு வண்டியையும் ஒருமுறை பெயிண்ட் இல்லாமல் பூட்டி, எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்தபின்தான் பெயிண்டரிடம் போக வேண்டும்.

வண்டிக்கு ஐம்பது வயது தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருந்தால், 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி அதை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். எண்ணில் மாநில எழுத்துக்குப் பின் 'வி ஏ' என்று வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாம், தினசரி வேலைக்கு ஓட்ட முடியாது. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் ஓட்ட ஆசைப்படுகிறவர், பழைய ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் வழியைப் பார்ப்பதே மேல்.

கடைசியாக அம்மீட்டர். ஹெட்லைட்டின் மேல் இருக்கும் அந்தச் சின்ன வட்டம் பல வண்டிகளில் செத்துப்போயிருக்கும். அழகுக்குத்தானே என்று ஒரு பொம்மை மீட்டரைப் பதித்துவிடுகிறார்கள். அது அழகுக்கு வைத்தது அல்ல. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக மிதித்துப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வந்து நிற்கும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது இடதுகைப் பக்கம் உள்ள டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு எடையையும் கொடுத்து ஒரே மிதி. முள் நடுவுக்கு வராமல் மிதித்தால் கிக்கர் திருப்பி அடித்து முழங்காலைப் பதம் பார்க்கும். உங்கள் தேடல் பட்டியலில் வேலை செய்கிற அம்மீட்டரை மேலே எழுதிவையுங்கள்.