கம்பி அறுந்தால் செல்போன் கைகொடுக்கும்

மழைக்காலத்தில் நமது சங்கக் கூட்டம் எப்போது நடந்தாலும் ஒரு குறை தவறாமல் காதில் விழுகிறது. "நெட் வரவில்லை, கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது, கணக்கு அனுப்ப முடியவில்லை" என்பதே அது. இந்தக் குறைக்கான மருந்து நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரியாமல் ஒரு முறை நாங்களும் சங்கடப்பட்டோம். எங்களை நம்பிச் சரக்கு எடுத்தவரையும் சங்கடப்படுத்தினோம். நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, பிறகு வழியைச் சொல்கிறோம். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்த எங்களுக்கே இது பிடிபட்டது என்றால், மற்றவர்களுக்கு ஒரு மணி நேர வேலைதான்.

நடந்தது என்ன?

2022 நவம்பர் 11, வெள்ளிக்கிழமை. அக்டோபர் மாத விற்பனைக் கணக்கை (ஜி.எஸ்.டி.ஆர்-1) அனுப்பக் கடைசி நாள். கணக்குப்பிள்ளை தம்பி எல்லா பில்லையும் ஏற்றித் தயாராக வைத்திருந்தார். மாலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று இருந்தோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொள்ளிடத்துக்கு அப்பால் சீர்காழியில் மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 44 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த மழை அது. எங்கள் தெருவில் மரக்கிளை விழுந்து இன்டர்நெட் கம்பி அறுந்துபோனது. மின்சாரம் இருந்தது, கம்ப்யூட்டர் ஓடியது, நெட் மட்டும் இல்லை. கம்பியைச் சரிசெய்ய ஆள் வந்தது மூன்று நாள் கழித்து. கணக்கும் அதன் பிறகுதான் போனது.

11ஆம் தேதிக்குள் நாம் அனுப்பினால்தான், நம்மிடம் சரக்கு எடுத்தவரின் 14ஆம் தேதிப் பட்டியலில் (ஜி.எஸ்.டி.ஆர்-2பி) அந்தக் கொள்முதல் வரி ஏறும். ஏறினால்தான் அவர் அதைக் கழித்துக்கொள்ள முடியும். நாம் தவறவிட்டால் அது அடுத்த மாதப் பட்டியலுக்குப் போய்விடும். வாடிக்கைக்காரர் ஒருவர் அந்த மாதம் கைப்பணத்திலிருந்து வரி கட்டினார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒதுக்கி வைத்திருந்த பணம் அது. கடைக்கு வந்து சத்தம் போடவில்லை. "உங்ககிட்ட கட்டின வரியை இன்னொரு தடவை கட்ட வச்சிட்டீங்களே அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இருபது வருடப் பழக்கம். அபராதத்தைவிட அந்தச் சொல்தான் எங்களைச் சுட்டது.

இதில் வேடிக்கை, அந்த மூன்று நாளும் எங்கள் செல்போனில் சிக்னல் நன்றாகவே இருந்தது. நெட் வரவில்லை என்று புகார் சொன்னதே அந்த செல்போனில்தான்!

செல்போன் எப்படி மோடம் ஆகிறது?

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் அதைக் கொடுத்தது. அப்போது வீட்டு டெலிபோன் கம்பிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் 'மோடம்' என்ற சிறு பெட்டி இருக்கும். மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரு சொற்களின் சுருக்கமே மோடம். மண்டியில் கொட்டிக் கிடக்கும் நெல் அப்படியே லாரியில் ஏறாது. மூட்டை கட்ட வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் மூட்டையை அவிழ்க்க வேண்டும். கம்ப்யூட்டரின் எண்களை வழிக்கு ஏற்றபடி மூட்டை கட்டி அனுப்புவதும், வந்த மூட்டையை அவிழ்த்துக் கொடுப்பதும்தான் மோடத்தின் வேலை.

நமது செல்போனுக்குள் இதே வேலையைச் செய்யும் மோடம் இருக்கிறது. அது கம்பிக்குப் பதிலாகக் காற்றின் வழியே டவருடன் பேசுகிறது. அதைக் கம்ப்யூட்டருக்கும் பகிர்ந்து கொடுப்பதையே 'டெதரிங்' அல்லது 'ஹாட்ஸ்பாட்' என்கிறார்கள். இது புதிய வித்தையும் அல்ல. 2003 வாக்கிலேயே சி.டி.எம்.ஏ. போன்களைக் கேபிள் மூலம் கம்ப்யூட்டருடன் இணைத்து நெட் பார்த்தவர்கள் உண்டு. இன்று 4ஜி வந்த பிறகு வேகம் பல மடங்கு கூடியிருக்கிறது.

எல்லாவற்றையும் செல்போனிலேயே செய்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். சில வேலைகள் முடியும். ஆனால் நமது பேரேடும் பில் போடும் மென்பொருளும் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. கம்பெனியாகப் பதிவு செய்தவர்களின் டிஜிட்டல் கையெழுத்துக் கருவியும் அதில்தான் செருகப்பட்டிருக்கிறது. ஆகவே கம்ப்யூட்டருக்கு நெட் வேண்டியிருக்கிறது.

மூன்று வழிகள்

1. கேபிள் வழி (யு.எஸ்.பி. டெதரிங்): நமது கடைகளுக்கு மிகவும் ஏற்றது இதுவே. மேசைக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் வைஃபை வசதி இருக்காது. அவற்றுக்கும் இது பொருந்தும். ஆண்ட்ராய்டு போனை அதன் கேபிளால் கம்ப்யூட்டரில் செருகவும். போனில் மொபைல் டேட்டா ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 'செட்டிங்ஸ்' போய், 'ஹாட்ஸ்பாட், டெதரிங்' என்ற பகுதியைத் திறந்து, 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதைத் தள்ளிவிட்டால் போதும். சில விநாடிகளில் கம்ப்யூட்டரில் நெட் வந்துவிடும். கேபிள் செருகாதவரை அந்த வரி மங்கலாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். செருகிய பிறகும் மங்கலாக இருந்தால், அது சார்ஜ் ஏற்ற மட்டும் உதவும் மலிவுக் கேபிளாக இருக்கலாம். டேட்டா கேபிள் என்று கேட்டு வாங்கவும். இந்த வழியில் போனுக்குச் சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கும்.

2. வைஃபை ஹாட்ஸ்பாட்: லேப்டாப் உள்ளவர்களுக்கும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கருவிகளுக்கு நெட் தேவைப்படுவோருக்கும் உகந்தது. வைஃபை உள்ள கார்டு தேய்க்கும் மிஷினையும் இதில் இணைக்கலாம். அதே பகுதியில் 'ஹாட்ஸ்பாட்' என்பதை இயக்கி, கம்ப்யூட்டரின் வைஃபை பட்டியலில் நமது போனின் பெயரைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். போனின் பேட்டரி சீக்கிரம் இறங்கும், சூடும் ஆகும்.

3. புளூடூத் வழி: வேகம் குறைவு, பேட்டரிச் செலவும் குறைவு. மற்ற இரண்டும் முடியாதபோது மட்டும்.

கவனிக்க வேண்டியவை

டேட்டா அளவு: ரிட்டர்ன் அனுப்பவும், இ-வே பில் எடுக்கவும் ஆகும் டேட்டா மிகச் சொற்பம். ஆனால் நெட் கிடைத்தவுடன் கம்ப்யூட்டர் நம்மைக் கேட்காமலே விண்டோஸ் அப்டேட்டை இறக்கத் தொடங்கும், அன்றைய 1.5 ஜி.பி. சிறிது நேரத்தில் காலி. பிறகு பல திட்டங்களில் வேகம் 64 கிலோபிட்டாக விழுந்துவிடும். 1990களின் கடைசியில் வந்த 56 கிலோபிட் மோடத்தின் வேகத்துக்கு நாம் திரும்பிப்போனது போலத்தான்! இதைத் தவிர்க்க, விண்டோஸ் செட்டிங்ஸில் அந்த இணைப்பை 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்துவிடவும். கேமரா, வீடியோ முதலியவற்றை நிறுத்தி வைக்கவும்.

அழைப்பு வந்தால்: 4ஜி-யில் 'வோல்ட்டி' வசதி இருந்தால் பேசும்போதும் நெட் ஓடும். பழைய முறையில் நெட் நின்றுவிடும். இரண்டு சிம் போட்ட போன்கள் பலவற்றில், மற்ற சிம்மில் பேசினால் நெட் தடைப்படும். 'சமர்ப்பி' என்று அழுத்தும் நேரத்தில் சரக்கு விலை பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

பாஸ்வேர்டு: கடைப் பெயர், போன் நம்பர், 12345678 ஆகியவை பாஸ்வேர்டு ஆகா. நமது இணைப்பில் வேறு யாரோ தகாத காரியம் செய்தால் விசாரணை முதலில் நம் கடைக்குத்தான் வரும். வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட வேண்டும். கல்லாவைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போவோமா? பாங்க் வேலைக்கு, பெயர் தெரியாத இலவச வைஃபையைவிட நமது சொந்த செல்போனே மேல். ஏதேனும் பண மோசடி நேர்ந்தால் உடனே 1930 எண்ணுக்குச் சொல்லவும்.

இரண்டு கம்பெனி சிம்: டவரும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கடலூர் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்ததை யாரும் மறந்திருக்க முடியாது. டவரின் பேட்டரி தீர்ந்தால் சிக்னலும் போய்விடும். முதலாளி போனில் ஒரு கம்பெனி, கணக்குப்பிள்ளை போனில் வேறு கம்பெனி என்று இருந்தால், ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருப்பதும் அவசியம்.

கெடு நமக்காகக் காத்திருக்காது

பெரிய பேரிடர் என்றால் அரசு சில சமயம் கெடுவை நீட்டிக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-3பி கெடு 27ஆம் தேதி வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் நம் தெருவில் கம்பி அறுந்ததற்கு யாரும் கெடுவை நீட்டிக்கப்போவதில்லை. மாதாமாதம் அனுப்புவோருக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 கெடு 11ஆம் தேதி, 3பி கெடு 20ஆம் தேதி. 3பி தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் (வரி ஏதும் இல்லாத கணக்குக்கு 20 ரூபாய்) கட்டணம். பாக்கி வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இ-வே பில்லும் அப்படியே. தமிழகத்துக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல், புதுச்சேரிக்கோ காரைக்காலுக்கோ 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு ஏற்றினால், அது இல்லாமல் வண்டி கடையை விட்டு நகரக்கூடாது.

முன்பு விருதுநகர் விலை நிலவரம் அறிய டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு அரை நாள் காத்திருந்தவர்கள் நாம். அன்று வேறு வழி இல்லை. இன்று வழி இருந்தும் தெரியாமல் இருப்பது நமது குற்றம்தான். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகும் எங்கள் கடையில் இரண்டு நாள் நெட் இல்லை. இம்முறை போனைக் கேபிளில் செருகி வேலையை நடத்தினோம். டிசம்பர் 11 வரை காத்திராமல் 9ஆம் தேதியே கணக்கும் போய்ச் சேர்ந்தது. 14ஆம் தேதி அந்த வாடிக்கைக்காரரே போன் செய்து, "எல்லா பில்லும் ஏறிடுச்சு அண்ணே" என்றார். எங்களுக்கு அது போதும்.

ஆகவே உறுப்பினர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. மழை வருமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கடையின் நெட்டை வேண்டுமென்றே பத்து நிமிடம் அணைத்துவிட்டு, செல்போன் வழியாக ஒரு பில்லாவது போட்டுப் பாருங்கள். நல்ல டேட்டா கேபிள் ஒன்றை வாங்கிக் கல்லாப்பெட்டியில் போட்டு வையுங்கள். செய்முறையை ஓர் அட்டையில் எழுதி ஒட்டுங்கள். பாஸ்வேர்டை மட்டும் எழுத வேண்டாம். வீராணம் 47.5 அடியைத் தொட்டு நிற்கும்போது யாரும் கரையை உயர்த்தப் போவதில்லை. அது கோடையில் செய்யும் வேலை. ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த நமக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.